தன்காசில் பொன்னாடை

கனகலிங்கத்துக்குச் சனி நாக்கில் இல்லை, பேனாவில். லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. ஆளில்லாத நேரத்தில் ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் பெரிய மனிதர்களை நையாண்டி செய்து பாட்டெழுதுவார். தமிழ்ச் சங்கத்தின் மாதப் பத்திரிகை அதைப் பேர் போடாமல் அச்சிடும்.

1988ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவுக்குச் சங்கத் தலைவர் டொக்டர் பத்மநாதன், தனக்குப் போர்த்தவேண்டிய பொன்னாடையைத் தானே காசு கொடுத்து வாங்குவித்தார். டூட்டிங் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வந்தது கனகலிங்கம். மேடையில் டொக்டர் "எதிர்பாராத கௌரவம்" என்று கண் கலங்கியபோது, கனகலிங்கம் பேசாமல் பொங்கலைத் தின்றுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை.

தன்காசில் தான்வாங்கித் தன்தோளில் போர்த்துவித்து
என்னேஎன் பெருமையென்று ஏங்கி அழுதாரே!

பாட்டு வெளிவந்த கிழமையே பிரித்தானிய உள்துறையான ஹோம் ஆபீஸ் அவருடைய அகதி விண்ணப்பத்தை நிராகரித்தது. அப்பீலுக்கு, அவரை ஊரில் அறிந்த ஒரு பெரிய மனிதரின் கடிதம் வேண்டும் என்றார் வழக்கைப் பார்த்த சொலிசிட்டர். லண்டனில் அப்படி இருந்தவர் டொக்டர் ஒருவர்தான். திருப்பி அனுப்பினால் கொழும்பில் இறங்கியதுமே பிடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் கனகலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை.

கடிதம் கேட்கப் போனபோது, டொக்டர் வீட்டு மேசையில் பாட்டு வந்த பத்திரிகைப் பக்கம் விரித்தபடி கிடந்தது. கனகலிங்கம் அதைப் பார்க்காதவர்போல நாற்காலியில் உட்கார்ந்தார்.

டொக்டரோ பாட்டைக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அன்று பொன்னாடை போர்த்தப்பட்ட இன்னொருவரான கணக்காளர் ஆனந்தராஜாவைத்தான் எவனோ கிழித்திருக்கிறான் என்றார். தன்னைப் பற்றி அப்படி எழுத ஒருவனுக்கும் மனம் வராது என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. கனகலிங்கம் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டார். டொக்டர் கடிதத்தைத் தன் மனைவி வசந்தமலரிடம் சொல்லி டைப் அடிப்பித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு, கிளினிக்குக்குப் புறப்பட்டார்.

கார் போகும்வரை வசந்தமலர் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சால்வைக் கதை தெரிஞ்சது மூண்டு பேருக்கு," என்றார் மெதுவாக. "இவர் எழுதேல்லை. நானும் எழுதேல்லை."

அந்தத் தாளை அவர் கிழித்தால் தன் கதை முடிந்தது என்று கனகலிங்கத்துக்குத் தெரிந்தது.

வசந்தமலர் தாளை மடித்து உறையிலிட்டு நீட்டினார்.

"ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில இவர் அந்தப் பாட்டை வாசிச்சுக் காட்டப் போறாராம். மேடையில அழுதது ஆரெண்டு எல்லாருக்கும் தெரியும்; ஆரும் சிரிக்கமாட்டினம், அப்பத்தான் இவருக்கு விளங்கும். அதுக்கு முதல் சொலிசிட்டரிட்டக் குடுத்துப்போடுங்கோ."

அன்று வெள்ளி, மணி நாலரை. சொலிசிட்டர் ஐந்து மணிக்குப் பூட்டினால் பிறகு திங்கள்தான். கனகலிங்கம் பஸ்சுக்கு நிற்காமல் ஓடினார்.