லோ மட்டும்

ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் லினக்ஸ் கணினிகளைக் கட்டி மேய்ப்பவருக்கு அங்கே ஒயர்காரர் என்றே பெயர்.

அன்று ஒரு கணினி நெட்வொர்க்கில் சேர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பழைய நெட்வொர்க் கார்டு கருகிப்போக, மேனேஜர் எங்கேயோ சல்லிசாக ஒன்றை வாங்கி வந்து அவர் தலையில் கட்டியிருந்தார். அமைப்புக் கோப்பில் கருகியதன் பெயரே இருந்தது. அதை அழித்துப் புதுப் பெயரை எழுதலாமென்றால், கணினி காட்டிய கார்டுப் பட்டியலிலேயே புதுசு இல்லை. கழற்றித் துடைத்துச் செருகினாலும் 'லோ' என்ற ஒற்றைப் பெயர்தான் திரையில் நின்றது.

"லோன்னா என்னண்ணே?" வரவேற்பறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அது கார்டே இல்லம்மா. மெஷின் தனக்குத்தானே பேசிக்கிற வழி. கூப்பிட்டா அதுவே பதிலும் சொல்லிக்கும்."

"அட, கழண்ட கேஸா?"

அவர் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் போய், "லினக்ஸுக்கு ஒத்துவராத கார்டு சார் இது" என்றார்.

"உனக்கு வேலை தெரியலன்னு சொல்லு" என்றார் அந்த மகானுபாவர்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தவர், "நான் வந்துட்டேன்" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் விடாத பழக்கம்.

செருப்பைக் கழற்றிவிட்டு, "வாங்க, கை கால் கழுவுங்க" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.