ரஹ்மத்தோடு மெல்பேர்னுக்கு ஒரு பகல்

சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குப் பேருந்தில் போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன ஜனவரியில் நான் போனேன். ஊர் சுற்ற அல்ல.

ஹோம்புஷில் என்னோடு ஒரே ஃபிளாட்டில் இருப்பவள் ரஹ்மத். காயல்பட்டினத்துக்காரி, நர்ஸ். மெல்பேர்னில் இருந்த அவளுடைய தாய்மாமா திடீரென்று இறந்துவிட்டார். ஊரிலிருந்து அவளுடைய உம்மாவால் வர முடியாது. "எனக்கும் சேத்து நீ போயி தம்பி மொகத்தப் பாத்துட்டு வாம்மா" என்று போனில் அழுதார். அடக்கம் மறுநாள் மாலை. புயல்மழையில் விமானங்கள் ரத்து. அதனால்தான் பேருந்து.

ஆளுக்குத் தொண்ணூற்றைந்து டாலர், சுமார் 880 கிலோமீட்டர். காலை ஐந்துக்கு ஏறினால் மாலை நாலரைக்கு மெல்பேர்ன். அடக்கத்துக்கு முந்தைய தொழுகை ஐந்தரைக்கு. போய்விடலாம் என்றுதான் நினைத்தோம்.

யாஸ் தாண்டியபோது வெயில் ஏறியிருந்தது. இருபுறமும் காய்ந்த புல், நடுநடுவே ஆடுகள். ரஹ்மத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, மாமாவுக்காக மெல்லிய குரலில் துஆ ஓதிக்கொண்டிருந்தாள். பக்கத்து வரிசைப் பெண் எழுந்து ஓட்டுநரிடம் போனாள். திரும்பி வந்தபோது வேறு இருக்கையில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஓய்விடத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். நேராக ரஹ்மத்திடம் வந்து பையோடு இறங்கச் சொன்னார்கள்.

நானும் இறங்கி ஓட்டுநரிடம் ஏன் என்று கேட்டேன். "அரபியில என்னமோ முணுமுணுக்கறாங்க, தீவிரவாதியா இருக்குமோன்னு ஒரு பயணி பயப்படறாங்க. நான் தகவல் சொல்லியே ஆகணும்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"மாமா இறந்துட்டாங்க. அவங்களுக்காகத்தான் ஓதினேன்" என்று ரஹ்மத் திரும்பத் திரும்பச் சொன்னாள், நோயாளியிடம் பேசும் அதே நிதானத்தோடு. பையில் மாற்றுத்துணி, தொழுகை விரிப்பு, சார்ஜர். என் பையை நானாக நீட்டினேன். வேண்டாம் என்றார்கள். கடைசியில் மரியாதையாக மன்னிப்புக் கேட்டார்கள். பேருந்து அதுவரை நின்றிருந்தது. ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

மெல்பேர்னில் கிடைத்த டாக்சியை ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டு விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஊரில ஆமிக்காரர் எங்கட பேரைக் கேட்டாலே இறக்கி, பையைக் கொட்டுவாங்கள், தங்கச்சி. பயங்கரவாதி எண்டு. இஞ்ச வந்தா முடிஞ்சிடும் எண்டு நினைச்சனான்." கண்ணாடியில் ரஹ்மத்தின் முக்காட்டைப் பார்த்தார். "எனக்கு முடிஞ்சுது. உங்களுக்கு முடியேல்லை போல."

நாங்கள் மையவாடிக்குப் போனபோது மண் போட்டு மூடியிருந்தார்கள். மாமாவின் மகன் ஓடிவந்தான். "முடிஞ்சவரை காத்திருந்தோம் லாத்தா. அடைக்கிற நேரம்னுட்டாங்க."

அந்த நேரம் பார்த்து உம்மா கூப்பிட்டார். "மொகத்தப் பாத்தியாம்மா?"

ரஹ்மத் புது மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பாத்தேன் உம்மா. தூங்குற மாதிரி இருந்தாங்க."

திரும்பும்போது விமானத்தில் வந்தோம். எப்போதும் பயணத்துக்கு முன் வாய்விட்டு ஓதுகிறவள், அன்று உதட்டையே அசைக்கவில்லை. கேட்டதற்கு, "மனசுக்குள்ள ஓதிக்கிட்டேன்டி" என்றாள்.

இந்த வழியில் போகிறவர்கள் சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். ஓய்விடங்களில் நமக்கு ஏற்றது கிடைப்பது கஷ்டம். அவசரமென்றால் பேருந்தை நம்ப வேண்டாம். பக்கத்தில் யாராவது புரியாத மொழியில் முணுமுணுத்தால், ஓட்டுநரிடம் போகுமுன் அவரிடமே கேளுங்கள். கேட்டிருந்தால் ரஹ்மத் சொல்லியிருப்பாள். மாமாவைப் பற்றி மெல்பேர்ன் வரைக்கும் சொல்லியிருப்பாள்.