மைக்கேல் நம்பரில் வந்த வாஷிங் மெஷின்

ராஜபாளையத்தில் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் விற்கும் மைக்கேலுக்கு ஐம்பத்து மூன்று வயது. கடையில் கூட்டம் குறைந்ததற்கு அவர் ஒரே ஒரு காரணம்தான் வைத்திருந்தார். ஆன்லைனில் விற்கிறவன் வரி கட்டுவதில்லை, இவர் கட்டுகிறார், அதனால்தான் அவன் விலை குறைவு. இதை டீக்கடையில் சொன்னார், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் சொன்னார். அக்டோபரில் வியாபாரிகள் நடத்திய ஆர்ப்பாட்டத்தில் மைக்கைப் பிடித்து, "அவனுக்கும் வரி போடுங்க. பொறவு பாருங்க, சனம் எங்க வருதுன்னு" என்று தொண்டை கட்டும்வரை பேசினார். தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும் தெம்பு அந்த நம்பிக்கையில்தான் இருந்தது.

மோசமான மனிதர் இல்லை. ஆனால் கொடுத்ததைச் சொல்லிக்காட்டுகிற வாய் ஒன்று அவருக்கு உண்டு. சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்குப் போகும் சாமான் அவர் கடையில்தான் எடுப்பார்கள். சொந்தக்காரர் கடை, விலை பேசுவது மரியாதை இல்லை, அவர் சொன்னதுதான் விலை. பொறவு பந்தியில் உட்கார்ந்து, ஃபிரிட்ஜ் நம்ம கடையில் எடுத்தது, அடக்க விலைக்கே விட்டேன் என்று இலைக்கு இலை சொல்வார்.

தையில் தங்கை பரிபூரணத்தின் மகள் ஸ்வீட்லினுக்குக் கல்யாணம். தங்கை இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வன்னியம்பட்டியில். மைக்கேல் நல்ல வாஷிங் மெஷின் ஒன்றை, கேட்டவர்களுக்கும் விற்காமல், மூன்று மாதம் ஓரங்கட்டி வைத்திருந்தார். சாமான் எதுவும் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டிலேயே எல்லாம் இருக்கிறது என்று தங்கை போனில் சொல்லிவிட்டாள். முகம் சுருங்கினாலும் அவர் நம்பினார். தங்கை சொல்லி எதைத்தான் அவர் நம்பாமல் இருந்திருக்கிறார்?

மாசியில் ஆடிட்டர் மலைச்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு வரச் சொன்னார். மேசையில், மைக்கேலின் ஜிஎஸ்டி கணக்கில் வந்து ஏறிய மூன்று பில் கிடந்தன. ஆன்லைனில் வாங்கிய வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், மிக்ஸி. வாங்கியவர் என்ற இடத்தில் மைக்கேலின் ஜிஎஸ்டி நம்பர்.

"அங்க மைக்குல பேசிட்டு, இங்க நீங்களே வாங்கிருக்கியளே அண்ணாச்சி" என்று ஆடிட்டர் சிரித்தார்.

மைக்கேல் முதலில் பார்த்தது வரிக் கட்டத்தை. பதினெட்டு சதவீதம். தன் பில்லில் போடும் அதே பதினெட்டு. இத்தனை நாளாய் ஊரெல்லாம் கத்தியது பொய்யா என்று விரலை வைத்து மறுபடி பார்த்தார். அப்புறம்தான் சாமான் இறங்கிய ஊரைப் படித்தார். வன்னியம்பட்டி. தெரு பெயர்கூடப் போடவில்லை, ஊர் மட்டும்தான். விசாரித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து, நேரே தங்கை வீட்டுக்குப் போனார்.

பரிபூரணம் எதையும் மறைக்கவில்லை. கடைக்காரர் நம்பர் போட்டால் விலை இன்னும் குறையும் என்று யாரோ சொன்னார்களாம். நம்பர், முன்பு இவர் கடையில் எடுத்த மின்விசிறியின் பில்லிலேயே இருந்ததாம்.

"எங்கண்ணன் நம்பர்தான போட்டேன். வேத்தாளு நம்பரயா போட்டேன்?" என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாட்டி? அதவிடக் கொறச்சுத் தந்திருப்பேன்ல."

"தந்திருப்பிய. பொறவு சாகுற மட்டும் சொல்லிக்காட்டுவிய. நாங் கேட்ட பேச்செல்லாம் போதும்ணே. எம் மகளாவது கேக்காம இருக்கட்டும்."

மைக்கேல் அவள் வைத்த காப்பியைத் தள்ளி வைத்தார். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. எவனோ வரி கட்டாமல் தன் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று நினைத்திருந்தவருக்கு, கூடப் பிறந்தவளே வரியும் சேர்த்துக் கட்டி, பொய்யும் சொல்லி, தன்னைத் தாண்டிப் போயிருக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. துரோகம் என்ற சொல் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து பஸ் ஏறினார்.

ஆடிட்டர் பேப்பரோடு காத்திருந்தார். நம்பரைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள், இந்தச் சாமான் எனக்கு வரவில்லை என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஆள் தெரிந்தால் பெயரையும் போட வேண்டும் என்றார். மைக்கேல் எழுதினார், பெயரை மட்டும் விட்டுவிட்டு. கீழே கையெழுத்தும் போட்டார்.

"வன்னியம்பட்டியில உங்களுக்குச் சொந்தம் யாரும் இருக்காவளா அண்ணாச்சி?"

மைக்கேல் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"இல்ல" என்றார். "அங்க எனக்கு யாருமில்ல."