நாற்பத்தெட்டாம் இலக்கப் பின்னல்

கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் எங்கள் சட்டத்தரணிக்கு இரண்டு கிளாக்குமார். ஒருவன் நான், சயந்தன், வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் நசிந்து வருகிறவன். மற்றவர் கொட்டாஞ்சேனை நேசமலர் அக்கா, ஐம்பத்துநான்கு வயது. என் பைல்களில் பாதி எங்கே கிடக்கிறதென்று எனக்கே தெரியாது. அவருடையது ஒன்றுகூடத் தொலைந்ததில்லை. அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வழக்குக் கூப்பிடும்வரை நீதிமன்ற விறாந்தையில் காத்திருப்பதுதான் எங்கள் வேலையில் பாதி. நான் போனைத் தடவிக்கொண்டிருப்பேன். அக்கா கைப்பையிலிருந்து நூலையும் கொக்கி ஊசியையும் எடுத்து குரோஷே பின்னுவார். பின்னுகிற ஒவ்வொன்றுக்கும் வீட்டில் ஒரு பைல் வைத்திருந்தார், வழக்குப் பைல் மாதிரியே. மேலே இலக்கம், உள்ளே நாள்வாரியாகக் குறிப்பு: என்ன நூல், எத்தனையாம் ஊசி, எந்த இடத்தில் இருந்து பின்னினார், எத்தனை வரிசை. ஒரு வாரம் தொடாவிட்டால், வழக்கை ஒத்திவைக்கிற மாதிரி, காரணத்தோடு 'தவணை' என்று எழுதுவார். 'கழுத்து நோ. தவணை.' இப்படி நாற்பத்தேழு பைல்கள்.

"இதுக்கெல்லாம் நீதவான் ஆர் அக்கா?" என்று கேட்டால், "நான்தான். அப்பீலும் என்னட்டத்தான்" என்பார்.

ஆனால் அந்த நாற்பத்தேழில் ஒன்றையும் அவர் வெளியே கொடுத்ததில்லை. எல்லாம் அலுமாரிக்குள். குழந்தைச் சட்டையில் ஒரு கை நீளம், மறு கை கட்டை. சதுரமாக வரவேண்டிய தலையணை உறை கோணிக்கொண்டு நிற்கும். "என்ர கை சரியில்லை தம்பி. எனக்குச் சந்தோசமாயிருக்கு, அது காணும்" என்றார் ஒருநாள். சொன்ன முகத்தில் சந்தோசம் பெரிதாக இல்லை.

அப்படிப்பட்டவர் போன வருடம் மாதா கோயில் திருவிழாவுக்கு, பீட விரிப்பின் லேஸைத் தானே பின்னித் தருவதாகப் பங்குத் தந்தையிடம் ஒப்புக்கொண்டுவிட்டார். எந்தத் துணிவில் சொன்னாரோ, அவருக்கே தெரியவில்லை. பங்குச் சபைத் தலைவர் றேமண்டுக்கு நம்பிக்கை இல்லை. திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னதாகக் கைக்கு வராவிட்டால் கடையில் வாங்கிவிடுவோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

பீடத்தின் முன்பக்கம் பன்னிரண்டு அடி. இரண்டிரண்டு அடியாக ஆறு துண்டு பின்னி, பிறகு இணைப்பது அக்காவின் திட்டம். திராட்சைக் குலை, இலை, திரும்பவும் குலை. கைப்பைக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு ஒரு துண்டு என்று ஒரே நேரத்தில் இரண்டாக நடந்தது. திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது ஆறும் முடிந்து, அலுவலக மேசையில் வரிசையாக விரித்து அளந்தார். மூன்று துண்டுகள் இருபத்துநான்கு அங்குலம். மற்ற மூன்றும் இருபத்திரண்டு.

குலைகளை எண்ணினார். ஆறிலும் ஒரே எண்ணிக்கை. ஒரே நூல், ஒரே ஊசி. "இழுத்து அயன் பண்ணினா வராதோ?" என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் நான் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அக்கா அழுதுகொண்டிருந்தார். "றேமண்டுக்குச் சொல்லப்போறன். கடையில வேண்டட்டும். இந்தக் கையால இனி ஒண்டும் செய்யமாட்டன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பைல் இருக்குத்தானே. பைலைப் பாக்காமலே வழக்கைக் கைவிடுறதோ? கட்சிக்காரருக்கு இப்பிடிச் செய்வீங்களோ?"

அந்தப் பேச்சு அவருக்குச் சுட்டது. மறுநாள் காலை லேஸுக்கான நாற்பத்தெட்டாம் பைலை மேசையில் வைத்து, கட்டையாக வந்த மூன்று துண்டுகளின் குறிப்புகளையும் விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். இடம்: புதுக்கடை. இடம்: புதுக்கடை. மூன்றிலும் கடைசி வரைக்கும் அதேதான். நீளமான மூன்றிலும் 'வீடு'.

"கோர்ட்டில நான் என்ன செய்யிறன் தம்பி?"

அது எனக்குத் தெரியும். வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். தோளை உயர்த்திக்கொண்டு, ஒரு காதை உள்ளே கூப்பிடுகிற இலக்கத்துக்குக் கொடுத்துக்கொண்டு, நூலை விரலில் வெட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டுதான் இருப்பார். "நூலை இறுக்கிறீங்க அக்கா," என்றேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனவர், மறுநாள் பழைய பைல்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். குழந்தைச் சட்டையின் கட்டைக் கை: புதுக்கடை. நீளக் கை: வீடு. கோணல் உறை வீட்டில் தொடங்கி விறாந்தையில் முடிந்தது. பைலுக்குப் பைல் அதே கதை. பத்தாவது பைலில் அக்கா சிரிக்கத் தொடங்கினார். அவர் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருடமும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்த கையை அன்றைக்கு விடுதலை செய்தார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு ஒன்றரை மில்லிமீற்றர் ஊசி, கோர்ட்டுக்கு இறுக்கத்தை ஈடுகட்டக் கொஞ்சம் பெரிசாக ஒன்றேமுக்கால். விறாந்தையில் இருந்து நான்கு குலை பின்னிப் பார்த்தார். நான்தான் அடிமட்டம் பிடித்தேன். வீட்டுப் பின்னலோடு மயிரிழையும் பிசகாமல் வந்தது. அந்த வாரம் எங்கள் வழக்கொன்று பகல்வரை கூப்பிடப்படாமல் கிடந்தது. சட்டத்தரணி புறுபுறுத்துக்கொண்டிருந்தார், அக்கா குலை குலையாகப் பின்னிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளில் புதிதாக மூன்று துண்டுகள், இரண்டு கோர்ட்டில், ஒன்று வீட்டில். ஆறையும் இணைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, றேமண்ட் தன்னுடைய அளவு நாடாவால் இரண்டு தரம் அளந்தார். பன்னிரண்டு அடி.

நான் சைவக்காரன், ஆனாலும் திருவிழாவுக்குப் போனேன். பூசை முடிந்ததும் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பீடத்தடியில் நின்று, "வடிவான லேஸ். எங்க வேண்டினது?" என்று றேமண்டிடம் கேட்டார். அவர் வாயைத் திறக்கமுன் அக்கா முன்னுக்கு வந்தார்.

"வேண்டேல்ல. நான் பின்னினது," என்றார். "கிட்ட வந்து பாருங்கோ. இதில ரெண்டு துண்டு கோர்ட்டில இருந்து பின்னினது. எதெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

அந்தப் பெண் குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். றேமண்டும் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நானும் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. அக்கா அவசரப்படுத்தவில்லை. எல்லோரும் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று நின்றார்.