சூடையனுக்காக அம்மா காத்த துடக்கு

இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசல் முழுக்கச் செருப்பு!

முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரைகள். (எங்கள் வீட்டில் அவ்வளவு கதிரை கிடையாது.)

பக்கத்து வீட்டு மணி ரீச்சர் பெரிய பிளாஸ்க்கோடு நின்று எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

நடுவில் அம்மா. அழுதழுது கண் வீங்கிப்போய் இருந்தது.

என்னைக் கண்டதும் ரீச்சர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“மனசைத் தளர விடாதை பிள்ளை. மாமா நல்லாத்தான் வாழ்ந்திட்டுப் போயிருக்கிறார்.”

எந்த மாமா?!

கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

சூடையன் எங்கள் பூனை. பருத்தித்துறை மீன்சந்தையில் ஐஸ் பெட்டிக்கு அடியில் கிடந்தவன். எலும்பும் தோலுமாக இருந்துகொண்டு, ஒரு சூடை மீனைக் கவ்வியபடி என்னைப் பார்த்துச் சீறினான். அந்த இடத்திலேயே பெயர் வைத்தாயிற்று!

கைப்பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். (யாழ்ப்பாணம் வரும்வரை என் பக்கத்துச் சீற்றில் ஒருவரும் உட்காரவில்லை. மணம் அப்படி.)

அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார்.

“உதை உள்ளை விட்டியெண்டால் நான் வெளியிலை!”

கடைசியில் இரண்டு பேரும் உள்ளேதான் இருந்தார்கள். ஒரே கட்டிலில்!

ஆனாலும் அம்மாவின் வாயில் அவன் ‘உது’ அல்லது ‘நாசமறுப்பான்’. செல்லம் கூடினால் இரண்டும்.

போன மாதம் மெலியத் தொடங்கினான். முரசு, அதுதான் பல் ஈறு, வெளிறிப்போயிருந்தது. டொக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ஃபீலைன் லுகேமியா என்றார்.

“மனுசருக்கு வராது, பூனைக்குப் பூனைதான் தொத்தும். தாயிட்டை இருந்தே வந்திருக்கலாம். இதை மாத்த மருந்தில்லை, பிள்ளை. விரும்பினதைச் சாப்பிடக் குடுங்கோ.”

ஸ்கூட்டியில் வரும் வழி முழுக்க அம்மா சூடையனின் கூடையை மடியில் இறுக்கி வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

“உதுக்கு விருப்பமெண்டால்... சூடை தானே?”

சிக்கல் என்னவென்றால், அன்றைக்கு நல்லூர்க் கோயிலில் கொடியேறிவிட்டது!

கொடியேறினால் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மீன் இல்லை, முட்டையும் இல்லை. எங்கள் ஒழுங்கையில், இந்தக் குறுகலான தெரு முழுக்க, இந்த விசயத்துக்குப் பொறுப்பதிகாரியே அம்மாதான். (போன வருசம் எங்கோ பொரித்த முட்டையை மணம் பிடித்து, வீடு தேடிப் போய்ப் பேசிவிட்டு வந்தவர்!)

அந்த அம்மா, கிணற்றடிக்குப் பின்னால் மூன்று கல்லு வைத்து, பழைய பால்மா ரின்னில் சூடை அவித்தார்!

நான் காவல்.

“ரீச்சர் வந்தால் இருமிக் காட்டு!”

அவித்ததை முள் எடுத்து அம்மா உருட்டிக் கொடுத்தால் மட்டும் சாப்பிட்டான். நான் கொடுத்தால் முகத்தைத் திருப்பினான். (சந்தையிலிருந்து தூக்கி வந்தது யார்?!)

முந்தநாள் அதுவும் வேண்டாம் என்றுவிட்டான். நேற்று விடியக் காலமை, அம்மாவின் காலடியில் படுத்தபடியே போய்விட்டான்.

கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தோம். நான் குழறி அழுதேன். இதை எழுதும்போதும் அழுகை வருகிறது. அம்மா அழவில்லை.

“பூனைக்குப் போய் ஆரும் அழுறதே? முகத்தைக் கழுவு, போ!”

இன்றைக்கு நான் வேலைக்குப் போனேன். (லீவுக்கு என்ன காரணம் சொல்வது?) வழமைபோல ரீச்சர் அம்மாவைக் கோயிலுக்குக் கூப்பிட வந்திருக்கிறார்.

அம்மா கேற்றடியில் நின்று சொன்னாராம்:

“நான் வரேல்லை ரீச்சர். எங்கடை வீட்டிலை துடக்கு.”

சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாராம்!

துடக்கு என்றால் சாவு விழுந்த வீட்டுத் தீட்டு, கோயிலுக்குப் போகக்கூடாது. அழுகிற மனிதரிடம் ‘ஆர் செத்தது’ என்று கேட்க ரீச்சருக்கு மனம் வரவில்லை. கனடாவில் இருக்கும் என் மாமாவுக்குப் போன மாதம் இதய ஒப்பரேசன் நடந்தது ஒழுங்கைக்கே தெரியும். ரீச்சர் தானே கணக்குப் பார்த்து முடித்துவிட்டார். மிச்சத்தை வட்ஸ்அப் குறூப் பார்த்துக்கொண்டது!

“ஏனம்மா பூனையெண்டு ஒருத்தருக்கும் சொல்லேல்லை?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஆரும் கேக்கேல்லையே. எல்லாரும் வந்து பக்கத்திலை இருந்தவை. எனக்கும் அழவேணும் போலை கிடந்தது.”

நான் அம்மாவின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வீடியோ கோல். திரையில் செத்துப்போன மாமா!

முற்றத்தில் யாரோ தேத்தண்ணியைச் சிந்தினார்கள்.

“பிள்ளை, உங்கை என்ன நடக்குது? ஆரோ மாமிக்குப் போன் எடுத்து ஆறுதல் சொன்னவையாம். அவ என்ரை மூக்கிலை கை வைச்சுப் பாக்கிறா!”

உண்மையைச் சொன்னேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“பூனைக்கோ?” மாமா தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அக்கா, நான் போனாலும் இப்பிடி அழுவியே?”

அம்மா மூக்கை உறிஞ்சினார்.

“அழுவன். ஆனா நல்லூர் கொடியேறினாப் பிறகு உனக்காண்டி மீன் அவிக்க மாட்டன்!”

முற்றம் அப்படியே அம்மா பக்கம் திரும்பியது.

ரீச்சர் பிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த மணம் உங்கையிருந்தோ வந்தது? எங்கடை மனுசன் கள்ளமாய்த் திண்டிட்டு வந்திட்டாரெண்டு நான் அவரோடை இன்னும் கதைக்கேல்லை!”

மூலைக் கதிரையில் இருந்த ரீச்சரின் மனுசன் மெதுவாக எழும்பி நின்றார். அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பை நான் தேர்தலிலும் பார்த்ததில்லை!

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். பிறகு ஒவ்வொருவராக எழும்பினார்கள்.

செத்தவீட்டிலிருந்து வெளிக்கிடும்போது ‘போட்டு வாறம்’, அதாவது போய்விட்டு வருகிறோம், என்று சொல்லக்கூடாது என்பார்கள். செத்தது பூனை என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஆனாலும் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்தார்கள், செருப்பைப் போட்டார்கள், பேசாமல் போனார்கள்.

நன்றி ரீச்சர். நன்றி ஒழுங்கை.

அம்மா ஒரு விசயம் கேட்கச் சொன்னார்: பூனைக்கு எத்தனை நாள் துடக்கு?

(நல்லூர்த் தேருக்கு முன் துடக்கு முடியும் என்று சொல்பவர்கள் மட்டும் கொமென்ற் பண்ணுங்கள்!)