புளி ஊறிய போசியில் காக்கிப் பரிசோதனை

கெமிக்கல் இன்ஜினீயர் என்று பட்டம் வாங்கிய நான், யுத்தம் வந்ததும் ராணுவத் தளவாட இலாகாவில் துணிப் பரிசோதகன் ஆனேன். எதிரியைக் கண்ணால் பார்க்காமலே நாட்டைக் காக்கும் உத்தியோகம். என் பயந்த சுபாவத்துக்குப் பொருத்தம். ஆனால் தற்காலிகம். ஒரு தப்புச் செய்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

முதல் வேலை அருப்புக்கோட்டையில். நெசவாளர் தெருவில் மாதக்கணக்காக நெய்து, சாயமேற்றி அடுக்கியிருந்த காக்கித் துணி. சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து நிறம் நின்றால் பட்டாளத்துக்கு. வெளுத்தால் அத்தனையும் அவர்கள் தலையில்.

என் கண்ணாடிக் குடுவை பஸ்ஸிலேயே உடைந்துபோயிருந்தது. தங்கியிருந்த மெஸ்ஸின் சமையல்காரரிடம், சுத்தமான பாத்திரம் வேண்டும் என்று அதிகாரத் தோரணையில் சொன்னேன். சற்றுப் பொறுத்து நானே அடுப்படிக்குள் போனேன். இருட்டில் ஒரு பித்தளைப் போசி இருந்தது. தண்ணீர் ஊற்றி, சோப்பைச் சீவிப் போட்டேன். நுரை வரவில்லை. இந்த ஊர் உப்புத்தண்ணீர்தான் காரணம் என்று என் படிப்பு உடனே விளக்கம் கொடுத்தது. துணியைப் போட்டுக் கொதிக்கவிட்டேன். காக்கி வெளுத்துச் சீக்காளி முகம் போலாயிற்று.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பர்மாக் காட்டில் நம் பட்டாளமே வெள்ளை வெளேரென்று நின்று என் விலாசத்தை விசாரிப்பதாக ஒரு காட்சி கண்ணில் வந்தது. அப்புறம் கால் மட்டும் ஓடியது. தபாலாபீஸ் போய், 'துணி முழுவதும் தள்ளுபடி' என்று மேலதிகாரிக்குத் தந்தி கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

சேதி கேட்டுச் சாயக்காரர் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுபவர், என்னிடம் நிதானமான தமிழில், "நாங்க உவர்மண்ணு போட்டே தொவச்சுப் பாத்தோம் சார், போகலை. நீங்க எதுல வேகவச்சீக?" என்றார்.

போசியைக் காட்டினேன். அடியில் விரலால் வழித்து நாக்கில் வைத்தவர், சமையல்காரரைப் பார்த்தார். "இதுல என்னண்ணே போட்டீக?"

"புளி. சுத்தமா வேணும்னு சார் சொன்னாக. உள்ள பூசி ஊற வச்சிருந்தேன். வெளக்கி எடுக்குறதுக்குள்ள அவுகளே தூக்கிட்டாக."

"காக்கி இரும்புச் சாயமாச்சே, புளி பட்டா நிக்குமா? சார் படிச்ச காலேசுல புளியே கெடையாது போல."

அமிலம் இரும்புச் சாயத்தைத் தின்னும் என்று பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன் நான். வேறு பாத்திரத்தில் வைத்துப் பார்த்தோம். நிறம் அசையவில்லை.

'மறுபரிசோதனையில் தேறியது' என்று மட்டும் எழுதி நழுவிவிடலாமா என்று பார்த்தேன். காரணம் சொல்லாவிட்டால் மேலதிகாரியின் சந்தேகம் துணி மேல்தான் விழும். சாயக்காரர் வாசலை விட்டு நகரவே இல்லை. தபாலாபீசுக்கும் கூடவே வந்தார். 'பாத்திரத்தில் புளி. தவறு என்னுடையது. துணியில் குறையில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

தந்திக் குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "புளிங்கிறது ரகசியச் சொல்லா சார்? யுத்த நேரம், கேட்டுக்கிட்டுத்தான் அனுப்பணும்."

"இல்லை. சமையல் புளிதான்."

பதில் வரும்வரை என் படுக்கையைச் சுருட்டியே வைத்திருந்தேன். வந்தது: 'துணியை அனுப்பு. அடுத்த லோடையும் நீயே பார்.' முத்திரை குத்தும் அவசரத்தில், முதல் துணிப் பேலில் அது தலைகீழாக விழுந்துவிட்டது. அழிக்கப் போனேன்.

"விடுங்க சார்," என்று பேலை வண்டிக்குத் தள்ளினார் சாயக்காரர். "மறுபடி நீங்க யோசிக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள வண்டி கெளம்பட்டும்."