வெற்று உரல் இடித்த நாள்

மலைக்கு வருகிறவர்களை நான் முகம் பார்த்து எடைபோடுவதில்லை. காலைத்தான் பார்ப்பேன். பூட்ஸ் என்றால் பாரஸ்ட், இல்லாவிட்டால் போலீஸ். பாலீஷ் போட்ட கறுப்புத் தோல் செருப்பு என்றால் தாலுக்கா ஆபீஸ். வெள்ளை வேட்டிக்குக் கீழே புதுச் செருப்பு தெரிந்தால் ஓட்டு வரப்போகிறது. இந்தக் கணக்கு எனக்குப் பெரும்பாலும் தப்பியதில்லை.

அந்த எம்.எல்.ஏ. வந்தபோது தேர்தலும் இல்லை, திருவிழாவும் இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு நடந்து வந்தார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கார் வைத்திருக்கிற மனுசன் எதற்கு நடக்க வேண்டும்?

எங்கள் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக ஏறி வருகிற பஸ், எங்கள் கூட்டு ரோடு வரைக்கும் வரும். அங்கே கடைகண்ணி வைத்திருக்கிறவர்களின் ஊருக்குள் போய்த் திரும்பிவிடும். எங்கள் பக்கம் ஏறாது. கேட்டால் ரோடு சரியில்லை என்பார்கள். அதே ரோட்டில்தான் மரவள்ளிக்கிழங்கு லாரி மூட்டைகளை அடுக்கிக்கொண்டு இறங்கும். பாரஸ்ட் ஜீப் ஏறும். பஸ்ஸுக்கு மட்டும் ரோடு சரியில்லை.

என் சம்சாரத்துக்குக் கிட்னி கெட்டுப்போய்விட்டது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். ஒரு தடவையோடு முடிகிற காரியமில்லை, உயிர் இருக்கிற வரைக்கும் போக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் பைக் ஓட்ட, மருமகள் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ள, நடுவில் இவளை வைத்துக் கூட்டு ரோடு வரை கொண்டுபோவார்கள். போகும்போதாவது பரவாயில்லை. திரும்பும்போது அவளுக்குத் தலை நிற்காது. ஒருநாள் கொண்டை ஊசித் திருப்பத்தில் மூன்று பேரும் சரிந்து விழுந்தார்கள். அன்று வந்து படுத்தவள், "இனிமே என்ன கூப்புடாதீங்க. நான் இங்கியே கெடக்கறேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் சொன்னால் செய்கிறவள். மகன் கெஞ்சிக் கெஞ்சித்தான் ஒவ்வொரு தடவையும் கொண்டுபோனான், என்றைக்கு ஒரேயடியாக மாட்டேன் என்பாளோ என்று எனக்கு அந்தப் பயம்தான்.

எம்.எல்.ஏ. எங்கள் வாசலில் வந்து நின்று, உட்கார இடம் பார்த்து உரலின்மேல் உட்காரப் போனார். உள்ளேயிருந்து இவள் கத்தினாள்: "அய்ய, அது மேல உக்காராதீங்க!" அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"பஸ் வருதா பெரியவரே?"

"தெரியலீங்க."

"இந்த ஊர்லதான இருக்கீங்க?"

"இருக்கேங்க."

"அப்ப வருதா வரலியான்னு தெரியாதா?"

"நீங்க இன்னாத்துக்குக் கேக்கறீங்கன்னு தெரியலீங்க."

சிரித்தார். "சட்டசபைல கேக்கப் போறேன். கூட்டு ரோட்டு ஊருக்கு ஒரு நாயம், இவங்களுக்கு ஒரு நாயமான்னு."

"கேட்டா ஒங்களுக்கு இன்னா வரும்?" என்று உள்ளேயிருந்து மறுபடி இவள் குரல்.

"ஓட்டு வரும்னு வெச்சிக்கோம்மா."

"எங்க ஊர்ல ஓட்டே கம்மிங்க."

"தெரியும். அதான் இத்தினி நாளா யாரும் கேக்கல" என்றார்.

அவர் போனதும் அடுத்த வீட்டுக்காரி வந்தாள். எங்கள் ரோட்டில் முதல் வீடு அவளுடையது. "நெலத்த பாத்துக்கினு போக வந்திருப்பான், மாமா. பஸ்ஸாம் பஸ்ஸு" என்றாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவள் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். முன்பு எங்கள் மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. அவர்களுடைய ஆள் வந்து நின்றால் வீட்டுக்கு ஒருவர் கூலியில்லாமல் உழப் போக வேண்டும், மூட்டை தூக்க வேண்டும். கல்யாணமான புதிதில்கூட நான் போயிருக்கிறேன். சாமைக் கதிர் எங்கள் கொல்லையில் உதிர்ந்துகொண்டிருக்கும், நான் அவர்கள் கொல்லையில் அறுத்துக்கொண்டிருப்பேன். அதனால் ஆள் வருவது தெரிந்தால் ஆண்கள் காட்டுக்குள் போய்விடுவது வழக்கம். அப்புறம் அரசாங்கம் அதையெல்லாம் எடுத்துவிட்டது. ஆனால் நாங்கள் உழுகிற நிலத்துக்கு இன்னும் பட்டா கிடையாது. எங்கேயாவது எதுவாவது நடந்தால் முதலில் எங்கள் ஆட்களைத்தான் பிடித்துக் கேட்பார்கள். அடுத்த வீட்டுக்காரியின் புருசனை அப்படி ஒருமுறை கேட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து அவன் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

ஆகவே எந்த ஜீப் ஏறி வந்தாலும் முதல் வீட்டுப் பெண் கிளி ஓட்டுகிற மாதிரி நீளமாகக் கூவுவாள். கொல்லையில் கதிரே இல்லாத காலத்திலும் கூவுவாள். கதவுகளைச் சாத்திவிட்டு எல்லோரும் காட்டுக்குள் போய்விடுவார்கள். ஜீப் இறங்கியதும் எங்கள் வாசலில் இருக்கிற வெற்று உரலை இடிக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் வரலாம். சாமையெல்லாம் இப்போது மிஷினில் கொடுத்துத்தான் அரிசியாக்குகிறோம். உரல் இதற்கு மட்டும்தான் கிடக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து மகன் செல்போனைக் கொண்டுவந்து காட்டினான். அதே எம்.எல்.ஏ. சட்டசபையில் எழுந்து நின்று பேசுகிறார். எங்கள் ஊர்ப் பேர் அவர் வாயில் வருகிறது. அந்த ஊருக்குப் பேருந்து விட அரசு முன்வருமா என்று கேட்கிறார். ஊரே கூடிப் பார்த்தது. யாருக்கும் சந்தோசம் வரவில்லை. அவ்வளவு பெரிய இடத்தில் பேர் சொல்லிவிட்டால் அப்புறம் ஆள் வரத்தானே செய்வார்கள்?

வந்தார்கள். கூவல் கேட்டது. நாங்கள் இருவர் மட்டும் வாசலில் இருந்தோம். அவளால் நடக்க முடியாது, நான் அவளை விட்டுப் போக முடியாது. ஜீப்பிலிருந்து இறங்கியவரின் காலைப் பார்த்தேன். கேன்வாஸ் ஷூ. எந்த ஆபீஸ் என்று பிடிபடவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"யோவ் பெருசு, ஊர்ல யாரும் இல்லியா?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"எங்க?"

"வெளியங்க."

"எப்ப வருவாங்க?"

"சொல்ல முடியாதுங்க."

அவர் தெருவில் நடந்து, சாத்திய கதவுகளை ஒவ்வொன்றாகப் போனில் படம் எடுத்தார். "பஸ் வுட்டா இதுல யாரு ஏறுவா? நீயும் ஒன் பொண்டாட்டியுமா?" என்று சிரித்தார். இவள் வாயைத் திறந்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். காட்டுக்குள் இருக்கிறவர்களை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

எம்.எல்.ஏ. சட்டசபையில் கேட்டதற்குப் பதிலும் மகனின் போனில்தான் வந்தது. அந்தக் குக்கிராமத்தில் பெரும்பாலோர் வேலைக்காக வெளியூர் சென்றுவிட்டதால் போதிய பயணிகள் இல்லை, பேருந்து இயக்க வேண்டிய தேவை தற்போது எழவில்லை என்று யாரோ ஒரு மந்திரி படித்தார்.

"தேவ எழலன்னா இன்னாடா?" என்று இவள் கேட்டாள்.

"நமக்கு வேணாமாம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "ஒனக்கு வேணாமா?" என்றாள். நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டேன்.

எம்.எல்.ஏ. மறுபடி வந்தார். இந்தத் தடவை காரில் வந்தார், கூவல் எழுந்தும் அவர்தான் என்று தெரிந்து ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். போனில் கதவுப் படங்களைக் காட்டினார்.

"இது ஒங்க ஊர்தான?"

"ஆமாங்க."

"இத்தினி பேரு அன்னிக்கு எங்க போயிருந்தீங்க?"

அவர் காட்டுப் பக்கம் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். "நான் திரும்பக் கேப்பேன். திரும்ப ஆளு வருவாங்க. அன்னிக்கு ஓடாம நில்லுங்க, அது போதும்."

"நின்னு, புடிச்சிக்கினு போனா நீ வந்து வுடுவியா?" என்று அடுத்த வீட்டுக்காரி கேட்டாள்.

"வருவேன்மா."

யோசிக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்லியிருந்தால் பாதியாவது நம்பியிருப்பேன்.

இரண்டாம் தடவை ஜீப் வந்தபோதும் கூவல் எழுந்தது, என் மகன் உட்பட எல்லோரும் போய்விட்டார்கள். அதே கேன்வாஸ் ஷூ. கூட இன்னொருவர். "அதே கதவுங்கதான் சார்" என்று போனைத் தூக்கினார்.

இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளிக்குப் போகிறாளோ என்று நினைத்தேன். மூலையிலிருந்த உலக்கையை இழுத்தாள். தூக்க முடியவில்லை, சாய்த்துக் கொண்டுவந்து உரலுக்குள் நட்டாள். கொஞ்சம் உயர்த்தி விட்டாள். டொம்.

"இன்னாம்மா, மாவு இடிக்கிறியா?"

"ஆமாங்க. இருந்து சாப்ட்டுப் போங்க."

"வேணாமே" என்று உலக்கையைப் பிடித்தேன். "புடிச்சா தூக்கு, இல்லாட்டி வுடு" என்றாள். அவள் கையில் ஊசி போட்ட இடமெல்லாம் புடைத்திருந்தது. தடுக்கப் பிடித்தேனா தாங்கப் பிடித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. உலக்கை மறுபடி விழுந்தது. மறுபடியும்.

காட்டோரத்திலிருந்து அவர்கள் வந்தார்கள். பீடி பிடித்துக்கொண்டு, எதற்கோ சிரித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக. குழந்தைகளை இடுப்பில் வைத்த பெண்களும் வந்தார்கள். தெரு முனை திரும்பியதும் ஜீப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். அதற்குமேல் ஓடவும் முடியாது. ஓடினால் அதுவே குற்றமாகிவிடும்.

"யாருய்யா இவங்கள்லாம்?"

"பஸ்ல ஏறப்போறவங்க" என்றாள் இவள்.

"ஒன் கை வெளங்காமப் போக!" என்று அடுத்த வீட்டுக்காரி ஓலமிட்டாள். அவள் புருசன் சாய்ந்த காலோடு கூட்டத்துக்குள் ஒளியப் பார்த்தான். அதிகாரி படம் எடுத்தார். ஆண்கள் துண்டால் முகத்தை மூடினார்கள். என் மகன் மட்டும் மூடவில்லை, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் வந்தது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. முதல் நாள் டிரைவரின் காலைப் பார்த்தேன். என்னுடையதைப் போல ரப்பர் செருப்பு. இருந்தும் இவளையும் மருமகளையும் தவிர யாரும் ஏறவில்லை. எடுத்த படம் எந்த ஆபீஸில் இருக்கிறதோ, பஸ்ஸில் ஏற்றி நேரே எங்கே இறக்குவார்களோ என்று ஊர் முழுக்கப் பேச்சு. எனக்கும் அந்தச் சந்தேகம் தீரவில்லை. படம் எடுத்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லையே. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவசரம் வர வர, ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள்.

உரலைத்தான் இப்போது யாரும் நம்புவதில்லை. போன மாதம் பாரஸ்ட் ஜீப் வந்து போனபின் நான் இடித்தேன், கை ஓயும் மட்டும் இடித்தேன். இருட்டுகிற வரை ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் ஒருவன் புதர் மறைவிலிருந்து, "இடிக்கிறது நீயா, பெரிம்மாவா?" என்று கத்திக் கேட்டான். என் குரலைக் கேட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தான்.

அடுத்த வீட்டுக்காரி அன்றிலிருந்து இவளோடு பேசுவதில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போகிற நாளில் மட்டும் பஸ்ஸில் இவள் பக்கத்தில் வந்து உட்காருவாள் என்று மருமகள் சொல்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்காருவாளாம். திரும்பி வரும்போது கொண்டை ஊசித் திருப்பத்தில் இவள் தலை சாயும். அப்போது தோளைக் கொடுப்பாளாம். திருப்பம் தாண்டியதும் எடுத்துக்கொள்வாளாம்.